பீரங்கியின் அப்பா

கத்துவதற்கு முன்னால் வேட் ஹால்கம் வாயிலிருக்கும் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிடுவார். அதனால் கோடை முகாம் நடக்கும் நாட்களில் மைதானத்துக் கம்பி வேலியோரம் தோல் குவியல் குவியலாகக் கிடக்கும். பெரிய குவியல் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேரே உள்ளே அவருடைய மகன் யாரையோ போதுமான அளவு பலமாக முட்டவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

"கட்டிப்பிடிக்கச் சொல்லலடா, முட்டச் சொன்னேன்! தோளைக் குடு! அவன் என்ன உன் மாமியாரா, மரியாதை குடுத்து ஒதுங்குற?"

மகனுக்கு வயது பத்து. மாமியார் விஷயம் அவனுக்கு எந்த அளவுக்குப் புரியும் என்று தெரியவில்லை. "சரிங்க சார்" என்று தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். எங்கள் பக்கத்தில் பெற்ற அப்பனையும் பிள்ளைகள் சார் என்றுதான் சொல்லும். அடுத்த முறையும் அவன் அதே மாதிரிதான் முட்டுவான்.

மேற்கு டெக்ஸாஸில் எங்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் அதில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். அவனைத் தரையில் சாய்க்க ஒரு கூட்டம் பாயும். அந்தக் கூட்டத்தைத் தோளால் மறிக்க இன்னொரு கூட்டம் நிற்கும். பெரியவர்கள் ஆடினால் பார்க்க நன்றாகவே இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கவசம் மாட்டி, ஜூலை மாத வெயிலில் இரண்டு வாரம் அதைப் பழக்குவதுதான் முகாம். நான் பள்ளிக்கூடத்து நர்ஸ். பிள்ளைகளை எடை பார்ப்பது, ஐஸ் வைப்பது, மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு அடைப்பது எல்லாம் என் பொறுப்பு. தகப்பன்மார்களின் மூக்குக்கு நான் பொறுப்பில்லை. அது எல்லா இடத்திலும் நுழைந்துகொண்டிருக்கும்.

வேட் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். சிவந்த கழுத்து, பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் வயிறு, எந்நேரமும் ஈரமாக இருக்கும் ஒரு தொப்பி. கழுத்தில் ஒரு விசில். அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே வாங்கி மாட்டிக்கொண்டார். முகாமை நடத்தும் கோச் அரெல்லானோ அதிகம் பேசாத மனிதர். வருஷத்துக்கு ஒரு தடவை வேலிப்பக்கம் வந்து, "வேட், நீ ஊதாத. பசங்க நான் ஊதினேன்னு நெனச்சு நின்னுடுறாங்க" என்பார்.

"பழக்க தோஷம் கோச்" என்பார் வேட்.

எந்தப் பழக்கம் என்று கோச் கேட்டதில்லை. அவர் வெளியூரிலிருந்து வந்தவர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேட் படிக்கும்போது நான் அதே பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே. அவர் ஒரு நாள்கூட ஃபுட்பால் ஆடியதில்லை. பள்ளி வாத்தியக் குழுவில் ட்ரம்போன் என்கிற பித்தளைக் குழல் ஊதினார். உண்மையைச் சொன்னால் நன்றாகவே வாசித்தார். ஆட்டத்தின் நடுவே இடைவேளை விடும்போது வெள்ளை உடையும் இறகு வைத்த தொப்பியுமாக மைதானத்தில் அணிவகுத்துப் போவார். இன்று அவர் கடைக்கு டயர் மாற்றப் போகிறவர்களிடம் "எங்க காலத்துல இந்த மாதிரி மெத்து மெத்துன்னு கவசம் ஏது? எலும்புக்கு எலும்பு மோதுவோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ட்ரம்போனுக்கும் எலும்புக்கும் என்ன மோதல் என்று கேட்க ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் வேறு டயர் கடை இல்லை என்பதும் ஒரு காரணம்.

முகாமுக்கு அவர் செய்கிற உதவிகளையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் கால் வைத்துத் தாண்டிப் பழகப் பழைய டயர்கள் அவர்தான் கொண்டுவந்து போடுகிறார். ஒவ்வொரு டயரிலும் கடைப் பெயர் வெள்ளை வண்ணத்தில், சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற பக்கமாக எழுதியிருக்கும். விடிவதற்குள் வந்து சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர்தான். கோடு நேராக இருக்கும். அவர் செய்கிற வேலைகளில் யாரும் குறை சொல்லாத வேலை அது ஒன்றுதான். அப்போது மைதானத்தில் பிள்ளைகள் யாரும் இருப்பதில்லை.

வேலிக் கம்பியில் கைப்பேசியைக் கட்டிவைத்து மகன் ஆடுவதைப் படம் பிடிப்பார். இரவில் அதை வெட்டி ஒட்டி, இடி முழங்குகிற மாதிரி இசை சேர்த்து, ஊருக்கெல்லாம் அனுப்புவார். போன வருஷம் ஒரு படம் வந்தது. மகன் மின்னல் மாதிரி ஓடி மூன்று பேரைச் சாய்க்கிறான். எல்லோரும் பாராட்டினார்கள். படத்தில் ஓடியது மார்ட்டினெஸ் வீட்டுப் பையன். இரண்டு பேருக்கும் சட்டையில் எண் ஒன்றுபோல இருந்துவிட்டது. மார்ட்டினெஸின் அம்மா நேரில் கேட்டதற்கு, "நடையைப் பாருங்க, எங்க வீட்டு நடை" என்று சாதித்தாராம்.

மகனுக்கு அவர் வைத்த பெயர் கேனன். பீரங்கி என்று பொருள். பிரசவ அறையிலேயே, மனைவி மயக்கம் தெளிவதற்குள், நர்ஸிடம் சொல்லி எழுத வைத்துவிட்டார். பீரங்கிக்கு இதுவரை வெடிக்கத் தோன்றவில்லை. அகலமான தோள், கன்னத்தில் சதை, மெதுவான பேச்சு. எதிரே நிற்பவனைத் தோளால் தள்ளிச் சாய்க்க அவனுக்கு நன்றாகவே வரும்; மலை நகர்கிற மாதிரி நகர்வான். சாய்த்த கையோடு குனிந்து கையை நீட்டி அவனைத் தூக்கியும் விடுவான். சில சமயம் முதுகிலிருக்கும் புல்லைத் தட்டிவிடுவான்.

அந்தப் புல் தட்டும் காட்சிதான் வேட்டை நாள் முழுக்கத் துப்ப வைக்கும்.

"தள்ளுனவனையே தூக்கி விடுறியா? அப்புறம் எதுக்குத் தள்ளுன? அவங்கம்மா பில் கட்டுறாளா உனக்கு?"

முகாமில் ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட எடைக்கு மேலே இருக்கும் பிள்ளைகளின் தலைக்கவசத்தில் மஞ்சள் பட்டை ஒட்டிவிடுவோம். பட்டை ஒட்டியவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. வரிசையில் நின்று மறிக்கலாம், அவ்வளவுதான். கனத்த பையன் ஓட்ட வேகத்தில் ஒல்லிப் பையன் மேல் மோதினால் என்ன ஆகும் என்பதைப் பல பிள்ளைகளின் தோள்பட்டையிலிருந்து கற்றுக்கொண்டு போட்ட விதி. முதல் நாள் எடை பார்ப்போம். அந்த வார வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு தடவை பார்ப்போம். அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது.

இந்த வருஷம் முதல் நாள் கேனன் எடை மெஷினில் ஏறினான். நாலு பவுண்டு அதிகம். நான் பட்டையைக் கிழித்து ஒட்டினேன். அவன் தலையைக் குனிந்து காட்டியபடி, மெல்லச் சொன்னான்:

"பரவாயில்ல மிஸ். எனக்கு வரிசைல நிக்கத்தான் பிடிக்கும். பக்கத்துல ஆள் இருப்பாங்க. பந்து வச்சிருந்தா தனியா ஓடணும்."

வேட்டுக்கு அது கேட்கவில்லை. அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"மிஸ் ரொவீனா, இங்க தரை சமமா இல்ல."

"சமமாத்தான் இருக்கு வேட்."

"வெயில்ல வச்சா இதெல்லாம் ஏறும். இரும்பு விரியும்ல."

"மத்த பசங்களுக்கு விரியலையே."

"சரி, நான் ஏறிக் காட்டுறேன், என் எடை எனக்குத் தெரியும்" என்று ஏறினார். எண் ஓடத் தொடங்கியது. இருநூறைத் தாண்டி அது நிற்காமல் போவதைப் பார்த்ததும் குதித்து இறங்கிவிட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கேனன் சிரிக்கவில்லை. மெஷினை விட்டுத் தள்ளிப் போய் நின்று காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு மறிக்கிறதுதான் பிடிச்சிருக்கு, விடேன்" என்று நான் சொன்னேன்.

"பத்து வயசுல பிடிக்கிறது, பிடிக்காதது என்ன மிஸ் இருக்கு? எனக்குக்கூடத்தான் டயர் பிடிக்காது." தோலைத் துப்பினார். "மறிக்கிறவன் பேரு எவனுக்காவது தெரியுமா? பந்து தூக்குறவன் பேருதான் பேப்பர்ல வரும். வெள்ளிக்கிழமை பாருங்க."

மறுநாள் பையன் மொட்டைத் தலையோடு வந்தான். முடியில் எவ்வளவு எடை இருக்குமென்று வேட் நினைத்தாரோ! காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. தலைக்கவசம் லொடலொடவென்று ஆடியதால் உள்ளே ஒரு துணியை மடித்துச் சொருக வேண்டியதாயிற்று. எடுத்த முடியின் எடை அந்தத் துணியில் திரும்பி வந்துவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் மதியம் மற்ற பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் கறியும் தின்னும்போது, கேனன் அவித்த முட்டை ஒன்றை வெகு நேரம் மென்றுகொண்டிருந்தான். முகாம் முடிந்ததும் வேட்டின் பிக்கப் வண்டி சாலையில் மெதுவாகப் போகும். பின்னால் பையன் ஓடுவான். ஜன்னல் வழியாக வேட்டின் கை வெளியே நீண்டு 'வா வா' என்று ஆட்டும். நான் கோச்சிடம் சொன்னேன். கோச் வேட்டிடம் சொன்னார். "அவன்தான் கோச் ஓடணும் ஓடணும்னு கேக்குறான். நான் வேணாம்னுதான் சொல்றேன்" என்றார் வேட், பையனை வைத்துக்கொண்டே. பையன், "ஆமாங்க சார்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஐஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை மைதானத்தின் ஓரத்தில் போட்டு, அதில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி வைப்பது வழக்கம். வெயில் தாக்கிய பிள்ளையை அதில் இறக்குவதற்காக. காலையிலேயே காற்று அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் வேட்டின் வண்டி இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. வேட் வெளியே, கதவில் சாய்ந்து நின்று, முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய டார்ட்டியா ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். தாடையில் மிளகாய்ச் சாந்து வழிந்திருந்தது. இந்த வெயிலில் குளிர்ச்சி வைத்த வண்டியை விட்டு ஏன் வெளியே நிற்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். உள்பக்கம் நீராவி படிந்திருந்தது.

நான் ஓடினேன். எனக்கு ஓடுகிற வயசும் இல்லை, முழங்காலும் இல்லை.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. குளிர்காலத்தில் போடுகிற ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்திருந்தார். முன் இருக்கையில் கேனன் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டிருந்தார். கையில் ஒரு காகிதக் கோப்பை. எச்சிலைத் துப்பித் துப்பி எடையைக் குறைக்க. கோப்பையில் ஒன்றும் பெரிதாக இல்லை. துப்புவதற்கு அவன் வாயில் எதுவும் மிச்சமில்லை. முகம் செங்கல் மாதிரி சிவந்து, உலர்ந்திருந்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. வெயில் தாக்கியவனுக்கு வியர்வை நின்றால் உயிருக்கே ஆபத்து.

"கேனன், என்னைப் பாரு. நான் யாரு?"

அவன் பார்த்தான். "ஸ்கூல் இன்னிக்கு லீவா?" என்றான்.

"அஞ்சே நிமிஷம் மிஸ் ரொவீனா, முடிஞ்சிருச்சு, இப்ப இறக்கிடுவேன்" என்று வேட் பின்னாலிருந்து சொன்னார். வாயில் டார்ட்டியா இருந்ததால் பாதிதான் கேட்டது.

"தூக்கு அவனை. தொட்டிக்குத் தூக்கு. கோச்! கோச்!"

வேட் தூக்கினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். தின்றுகொண்டிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கனத்த பையனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினார். கோச் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். நான் குப்பைப் பையைக் கிழித்தேன். தொட்டிக்குப் போகும் வழியில்தான் எடை மெஷின் இருந்தது. அங்கே வந்ததும் வேட்டின் கால் நின்றது.

"மிஸ் ரொவீனா." மூச்சு வாங்கியது. "ஒரே ஒரு தடவை. மெஷின்ல நிக்க வச்சுட்டு அப்புறம் தொட்டியில போடுவோம். நம்பர் மட்டும் பாத்துக்குவோம். ஐஸ்ல போட்டா தண்ணி குடிச்சிருவான், எல்லாம் வீணாப் போயிரும்."

முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். குடித்துவிட்டு வந்த தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன், கையை ஓங்கிய தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை, அதுவும் கெஞ்சுகிற குரலில், கேட்டதில்லை. கோச் அரெல்லானோ வேட்டின் கையிலிருந்து பையனைப் பறித்துக்கொண்டு போய்த் தொட்டியில் இறக்கினார்.

"புள்ள பெத்திருந்தா உங்களுக்குத் தெரியும்" என்றார் வேட் என்னிடம்.

"பெறலை. அதனாலதான் உன் புள்ளைக்கு ஐஸ் போட ஆள் இருக்கு. தலையைப் பிடி. தண்ணிக்குள்ள போயிடாம பிடி."

பிடித்தார். முழங்காலில் உட்கார்ந்து, மகனின் தாடையைத் தண்ணீருக்கு மேலே இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிக்கொண்டார். தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் அவருடைய பூட்ஸுக்குள் இறங்கியது. "கேனன். டேய். கண்ணைத் தொற. அப்பா இருக்கேன்ல. டேய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஐஸைப் பையனின் கக்கத்தில் அடைத்தபடி அவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவரை வெறுக்க முடியவில்லை. அந்த வெறுப்பை அப்புறமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பையன் பற்கள் தந்தியடிக்க நடுங்கத் தொடங்கியபோது எனக்கு மூச்சு வந்தது. "குளுருது மிஸ்" என்றான். "அழகா குளுரட்டும்டா கண்ணு" என்றேன். அப்புறம் என் பெயரைச் சரியாகச் சொன்னான். அப்புறம், "எடை பாத்தாச்சா?" என்று கேட்டான்.

ஆம்புலன்ஸும் அவன் அம்மா டார்லாவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். டார்லா மளிகைக் கடையின் ரொட்டிப் பிரிவில் வேலை செய்கிறாள். மார்பில் கட்டிய துணியோடு, முழங்கை வரை மாவோடு அப்படியே வந்திருந்தாள். மகனைப் பார்த்தாள். கிழிந்து கிடந்த குப்பைப் பையைப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்து, தலைக்காக வெட்டிய ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"காலைல அவன் முகாம்ல சாப்பிடுவான்னு சொன்னியே வேட்."

"டார்லா, நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"நேத்தும் சொன்னியே."

"எல்லாரும் பண்றதுதான். மல்யுத்தத்துல பண்ணுவாங்க, குத்துச்சண்டைல—"

"நீ பேசாத. இன்னைக்கு முழுக்க நீ பேசாத." வேட்டின் வண்டிக்குப் போய், இன்னும் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டாள். மகனோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். ஆம்புலன்ஸில் போகிறவளுக்கு வண்டிச் சாவி எதற்கு என்று வேட் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் அவர் ஈர பூட்ஸோடு நடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பாதி வழியில் மார்ட்டினெஸின் அம்மா பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டாளாம். அவளுக்கு மனசு பெரிசு.

பையன் தேறிவிட்டான். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நடந்ததை நான் எழுதி அனுப்ப வேண்டிய இடத்துக்கு எழுதி அனுப்பினேன். வீட்டுக்கு ஆள் வந்து விசாரித்தார்கள். டார்லா சில நிபந்தனைகள் போட்டாள், கோச்சும் போட்டார். டாக்டர் அனுமதித்தால் கேனன் கடைசி நாள் ஆட்டத்துக்கு வரலாம், அவனாக விரும்பினால். மஞ்சள் பட்டை தலையில் இருக்கும். அம்மாதான் கூட்டி வருவாள். வேட் வேலிக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது. விசில் கூடாது.

இதெல்லாம் வேட்டை மாற்றியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் அவர் கடையில் டயர் மாற்றியதில்லை. அடுத்த வாரம் நான் காற்றடிக்கப் போனபோது, அவர் யாரோ ஒரு லாரி டிரைவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "லேசா வெயில் அடிச்சிருச்சு பையனுக்கு. ஒரு செகண்ட் யோசிக்கலையே நான். அம்பது கெஜம் தூக்கிட்டு ஓடினேன். நர்ஸ் கூட பதறிட்டாங்க, நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன்." என்னைப் பார்த்ததும், "இதோ, மிஸ் ரொவீனாவையே கேளுங்க" என்றார். நான் என் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காற்றுக்குக் காசு வாங்கவில்லை. அதையும் சேர்த்து அவர் கதையில் சொல்லியிருப்பார்.

கடைசி நாள் ஆட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. டார்லா பையனைக் கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலடியில் தண்ணீர்ப் புட்டிகள், திராட்சை, ரொட்டி என்று ஒரு கூடை. வேட் வேலிக்கு அப்பால், சாலைப் பக்கம், வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை வேலியில் கட்டியிருந்தார்.

கேனன் வரிசையில் நின்றான். அவனுக்கு வலப்பக்கம் மார்ட்டினெஸ் பையன், இடப்பக்கம் இன்னொரு பட்டைத் தலையன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்து வைத்திருந்தவன் மெதுவாக நடந்துகூடப் போயிருக்கலாம், அவ்வளவு பெரிய வழி கிடைத்தது. "அந்தப் பெரிய பையன் யாரு?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள். "ஹால்கம் பையன்" என்று வேறு யாரோ சொன்னார்கள். டார்லா திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்து மட்டும் நிமிர்ந்தது.

முடிகிற நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவன் பந்தை நழுவ விட்டான். அது உருண்டு உருண்டு கேனனின் காலடிக்கே வந்தது. பட்டை ஒட்டியவன் அதன் மேல் விழுந்து மூடிக்கொள்ளலாம். எடுத்து ஓடக் கூடாது. முன்னால் மைதானம் காலியாகக் கிடந்தது, ஒருவரும் இல்லை.

"எடுத்து ஓடுடா!" வேலிக்கு அப்பாலிருந்து வந்தது அந்தக் குரல். "ஓடு! ஓடு! யார்றா உன்னைப் பிடிக்கப் போறா!"

கேனன் பந்தின் மேல் விழுந்தான். கோழி முட்டையின் மேல் உட்காருகிற மாதிரி முழு உடம்பாலும் மூடிக்கொண்டான். பந்து கேனனின் அணிக்கு. ஆட்டமும் அவர்களுக்கு. எழுந்தவன், பந்தை நழுவவிட்டு அழுதுகொண்டிருந்த பையனிடம் போய் ஏதோ சொன்னான். முதுகில் தட்டினான்.

"விதி தெரியாதா வேட்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். வேட்டும் கையை ஆட்டிச் சிரித்தார், பகடிக்குத்தான் சொன்னேன் என்கிற மாதிரி.

பிள்ளைகள் கோச்சின் தோளில் தொங்கிவிட்டுப் பெற்றவர்களிடம் ஓடினார்கள். கேனன் முதலில் டார்லாவிடம் வந்தான். அவள் கொடுத்த திராட்சைக் கொத்தை வாயில் வைத்து அப்படியே இழுத்தான். பிறகு சாலைப் பக்கம் பார்த்தான். "போகட்டா?" என்று அவளைக் கேட்டான். டார்லா வேலிக்கு அப்பால் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

அவன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயில் திராட்சையோடு, வாசல் வழியாகச் சுற்றி ஓடினான். வேட் பின்தட்டிலிருந்து இறங்கி நின்றார். கையை விரித்தார். பையன் ஓடின வேகத்தில் அவர் வயிற்றில் மோதினான். இரண்டு வாரத்தில் அவன் பலமாக முட்டியது அதுதான். வேட் ஓர் அடி பின்னால் போய், சமாளித்து, அவனை இறுக்கிக்கொண்டார். கன்னத்தை மொட்டைத் தலையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் டார்லா மெல்ல மூச்சு விட்டாள். நானும் புட்டிகளைக் கூடையில் அடுக்கத் தொடங்கினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது வேட்டின் வலது கை மகனின் முதுகிலிருந்து கீழே இறங்கி, சட்டைக்குள் நுழைந்து, விலாப்பக்கத்துக்குப் போயிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையைக் கிள்ளிப் பிடித்தார். எவ்வளவு கனம் என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி, இன்னொரு இடத்திலும் பிடித்துப் பார்த்தார்.